பண்டிதர் எழுதாத சுயசரிதை

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவு நாளையொட்டி ஆண்டர்சன்பேட்டையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் பண்டிதர் அயோத்திதாசர் அவர்களைப் பற்றி மிகவும் பெருமையாகப் பேசினார்கள். "முன்னோடி" என்ற சொல்லை ஒவ்வொருவரும் இரண்டு மூன்று தடவையாவது சொன்னார்கள். அந்தச் சொல்லில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதரை முன்னோடி என்று சொல்லி மாலை போட்டுவிட்டால், அவரைப் படிக்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. அதனால் நான் இன்றைக்கு அவருடைய கொள்கைகளை வரிசைப்படுத்திச் சொல்லப் போவதில்லை. அவருடைய வாழ்க்கை நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதில் நம்முடைய தங்கவயலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

உலகத்தில் பெரிய சிந்தனையாளர்கள் பலர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயத் தத்துவஞானி 1967 முதல் 1969 வரை தன் சுயசரிதையை மூன்று பாகமாக வெளியிட்டார். காந்தியார் சத்திய சோதனை எழுதினார். நம்முடைய தமிழிலே உ.வே. சாமிநாதையர் இருக்கிறார். 1855இல் பிறந்தவர், அதாவது நம் பண்டிதரைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய "என் சரித்திரம்" 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. எந்த ஊரில் எந்த வீட்டில் எந்த ஏடு கிடைத்தது, யார் சாப்பாடு போட்டார்கள், யார் ஏடு தர மறுத்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. படிக்கச் சுவையான புத்தகம். படிக்காதவர்கள் படியுங்கள்.

அதே காலத்தில் அதே சென்னையில் வாழ்ந்து, அதே பழந்தமிழ் ஏடுகளைப் புரட்டி, அவற்றிலிருந்து ஒரு முழு வரலாற்றையே மாற்றி எழுதிய பண்டிதர் தன்னைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதவில்லை. 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி பிறந்தார் என்கிறோம். எங்கே பிறந்தார்? சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், கோயம்புத்தூர் பக்கம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குத் தமிழும் சித்த மருத்துவமும் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பெயரான அயோத்திதாசர் என்பதையே தன் பெயராக எடுத்துக்கொண்டார். ஆசிரியர் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு சொந்தப் பெயரை உதறிய மனிதர், "நான் பிறந்தேன், வளர்ந்தேன்" என்று எழுத உட்காருவாரா?

அப்படியானால் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அவர் நடத்திய பத்திரிகையிலிருந்துதான் வந்தது. 1907 ஜூன் 19ஆம் தேதி சென்னை இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" என்று ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் "ஒரு பைசா" என்ற அடைமொழி போய் வெறும் "தமிழன்" ஆயிற்று. வாசகர்கள் கேள்வி கேட்பார்கள், பண்டிதர் பதில் எழுதுவார். அந்தப் பதில்களுக்கு நடுவே, வாதத்துக்குச் சான்று தேவைப்படும் இடத்தில் மட்டும், தன் வீட்டுக் கதை ஒன்றை எடுத்து வைப்பார், வழக்கில் சாட்சி சொல்வது போல. சாட்சி சொல்லி முடிந்ததும் கூண்டை விட்டு இறங்கிவிடுவார். அவர் எழுதாத சுயசரிதை இப்படித் துண்டு துண்டாக "தமிழன்" பக்கங்களுக்குள் கிடக்கிறது.

ஒரு துண்டைச் சொல்கிறேன். திருக்குறள் எப்படி அச்சேறியது என்ற பேச்சு வந்தபோது, தன் பாட்டனார் கந்தப்பன் கதையை எழுதினார். கந்தப்பன் ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டிலே திருக்குறள் ஏடும் நாலடியார் ஏடும் இருந்தன. அவற்றைத் தன் துரையிடம் கொடுக்க, துரை அவற்றை எல்லிஸ் துரையிடம் சேர்த்தார் என்று பண்டிதர் சொல்கிறார். எல்லிஸ் என்பவர் குறளின் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர், 1819இல் இறந்து போனவர். தோழர்களே, இதைக் கவனியுங்கள். சமையலறையில் நின்ற ஒரு மனிதனின் வீட்டுப் பரணில் திருக்குறள் இருந்தது என்றால், "இவர்களுக்குக் கல்வியே கிடையாது" என்ற கதை என்ன ஆவது? பண்டிதர் அதை எழுதியது பாட்டனாரைப் புகழ்வதற்காக அல்ல, அந்தக் கதையை உடைப்பதற்காக. அவர் எழுதாமல் இருந்தால் கந்தப்பன் என்று ஒருவர் இருந்ததே நமக்குத் தெரியாது. துரைமார் பெயர் ஆவணங்களில் தானாகவே ஏறிவிடும். பட்லர் பெயரைப் பேரன்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

இன்னொரு துண்டு 1892இல் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டம். அதற்கு முந்தின ஆண்டு, 1891 டிசம்பர் 1ஆம் தேதி, நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டியிருந்தார். (அம்பேத்கர் பிறந்ததும் அந்த ஆண்டுதான்.) அங்கே எடுத்த கோரிக்கைகளோடு சென்னைக் கூட்டத்துக்குப் போனார். எல்லா மக்களும் ஒன்று என்று அங்கே பேசினார்கள். பண்டிதர் எழுந்து, அப்படியானால் எங்களுக்குச் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் நுழைய உரிமை உண்டா என்று கேட்டார். கூட்டத்தில் பெரும் கூச்சல். தஞ்சாவூரிலிருந்து வந்த சிவநாம சாஸ்திரி என்பவர் எழுந்து, உங்கள் சாதிக்கு மதுரைவீரன், காட்டேரி என்று தனிச்சாமிகள் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்றார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் திருப்பிச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கொடுங்கள், தரிசு நிலங்களைக் கொடுங்கள் என்று கேட்டார்.

சாமியைக் கேட்டவர் அடுத்த மூச்சில் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் கேட்டார் என்பதுதான் எனக்கு இதிலே முக்கியமாகப் படுகிறது. கோயில் வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. 1870 வாக்கில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தியவர் அவர். வேதாந்தம் தெரியாமல் அதை விட்டவர் அல்ல. அதற்குள்ளே இருந்து பார்த்து, அதிலே தன் மக்களுக்கு இடமில்லை என்று கண்டு வெளியே வந்தவர். 1898இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கைக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்ற 1956க்கு 58 ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

அவரை ஏன் தத்துவஞானி என்று சொல்கிறோம், சீர்திருத்தவாதி என்று சொன்னால் போதாதா என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். போதாது. "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பவன் சீர்திருத்தவாதி. பண்டிதர், சேர்ப்பதற்கும் விலக்குவதற்கும் நீங்கள் யார் என்று கேட்டார். பிராமணன் என்ற சொல்லையே எடுத்து, அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தவன் யதார்த்த பிராமணன், பிறப்பைக் காட்டிப் பிழைப்பவன் வேஷ பிராமணன் என்று இரண்டாகப் பிளந்து வைத்தார். மணிமேகலையையும் வீரசோழியத்தையும் நிகண்டுகளையும் சான்று காட்டி, இந்த மண்ணின் பழைய அறம் பௌத்தம், அதைக் கைவிடாதவர்களே தாழ்த்தப்பட்டார்கள் என்று "இந்திரர் தேச சரித்திரம்" எழுதினார். குறளைத் "திரிக்குறள்" என்று சொல்லி, பௌத்தர்களின் திரிபிடகத்தோடு சேர்த்துப் படித்தார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்விளக்கத்தையும் இன்றைய மொழியியல் ஒப்புக்கொள்ளாது. நானும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் வரலாறு என்பது வென்றவன் கையில் இருக்கும் பேனா என்பதைப் புரிந்துகொண்டு, அந்தப் பேனாவைப் பிடுங்கியவர் அவர்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பஞ்சத்துக்கும் பண்ணையார் கொடுமைக்கும் தப்பி, வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர்கள் இங்கே வந்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. சுரங்கத்துக்குள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஊரிலே சேரியில் இருந்தவர்கள். தட்டி வீட்டில் குடியிருந்தார்கள். ஆனால் கையில் கூலி காசாக வந்தது. ஊரில் நெல்லாக அளந்தபோது யாருக்கு எவ்வளவு என்பதைப் பண்ணையார்தான் முடிவு செய்வார். காசு அப்படியில்லை. அதிலே ஒரு பைசாவை எடுத்துப் பத்திரிகை வாங்கலாம்.

வாங்கினார்கள். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கத்தின் கிளை ஏற்பட்டது. எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். சாம்பியன் ரீப்சிலும் சங்கம் வளர்ந்தது. பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்த் தொழிலாளிகள் போன இடங்களில் எல்லாம் "தமிழன்" போயிற்று என்றாலும், அதைத் தோள் கொடுத்துத் தாங்கிய ஊர் என்று சொன்னால் தங்கவயலைத்தான் சொல்ல வேண்டும்.

1914 மே 5ஆம் தேதி பண்டிதர் மறைந்தார். குறளுக்கு அவர் எழுதிவந்த உரை பாதியில் நின்றது. அவருடைய மகன் பட்டாபிராமன் பத்திரிகையைச் சிறிது காலம் நடத்தினார், பிறகு நின்று போயிற்று. சாதாரணமாக இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். ஆசிரியர் இறந்தார், பத்திரிகை நின்றது, பழைய தாள் கடைக்குப் போயிற்று, அவ்வளவுதான். எத்தனையோ பேர் அப்படித்தான் போனார்கள்.

ஆனால் 1926இல் இதே தங்கவயலில், சாம்பியன் ரீப்சிலிருந்து, ஜி. அப்பாதுரையார் "தமிழன்" பத்திரிகையை மறுபடி தொடங்கினார். 1930களின் நடுப்பகுதி வரை அது வந்தது. இங்கே இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. அச்சுக்கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? எந்த மடமும் எந்த சமஸ்தானமும் கொடுக்கவில்லை. பூமிக்கடியில் இறங்கி, ராக் பர்ஸ்டில் உயிர் போகுமோ என்று பயந்துகொண்டு, நெஞ்சில் கல்தூசியை நிரப்பிக்கொண்டு சம்பாதித்த கூலியிலிருந்து வந்தது. தங்கத்தைக் கம்பெனி லண்டனுக்குக் கொண்டு போயிற்று. நம்மவர்கள் தங்கள் பங்குக்கு இந்தச் சிறு நூல்களை வைத்துக்கொண்டார்கள்.

பிறகு அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய "தமிழன்" இதழ்களைக் கண்போலப் பாதுகாத்தார்கள். திருப்பத்தூர் தி.பெ. கமலநாதன் 1985இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி, தாழ்த்தப்பட்டோர் போராட்டம் யாரோ வந்து தொடங்கி வைத்ததல்ல என்று வாதாடினார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த "அயோத்திதாசர் சிந்தனைகள்" இரண்டு தொகுதிகள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வந்தன, 2003இல் மூன்றாவது தொகுதி. அதன் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. 2005இல் தபால் தலை வந்தது. 2023இல் சென்னையில் மணிமண்டபம் திறந்தார்கள். எல்லாம் சந்தோஷம்தான். பேராசிரியர்கள் அவரை "மறக்கப்பட்டவர்" என்று எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். யாரால் மறக்கப்பட்டவர்? சாம்பியன் ரீப்ஸ் லைனில் அவரை யாரும் மறக்கவில்லை.

பண்டிதரின் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். "பறையன்" என்ற பெயரிலேயே 1893இல் பத்திரிகை தொடங்கியவர், அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அவர் 1939இல் "ஜீவிய சரித்திரச் சுருக்கம்" என்று தன் வாழ்க்கையை எழுதிவிட்டுப் போனார். பெயரே சுருக்கம், புத்தகமும் சிறியது. ஆனால் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா, உதறுவதா என்பதில் இருவருக்கும் பெரிய கருத்து வேற்றுமை. சீனிவாசன், இழிவாகச் சொல்லும் பெயரையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொள் என்றார். பண்டிதர், அது எதிரி வைத்த பெயர், அதை ஏன் நாம் சுமக்க வேண்டும் என்றார். இரண்டுமே சுயமரியாதைதான். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பண்டிதரிடம் எனக்கு ஒப்பாத இடங்களும் உண்டு. ஒன்று, தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று பிரித்து, நம்மோடு சேர்ந்து மிதிபட்ட சில சாதிகளை அவர் வெளியே நிறுத்தினார். சாக்கடை இறங்கியவனும் நம் தோழன்தான், அவனை விட்டுவிட்டு எந்த விடுதலையும் கிடையாது. மற்றொன்று, பிரிட்டிஷ் ஆட்சியின் மேல் அவர் வைத்த நம்பிக்கை. ஊர்ச் சாதிக்காரனை எதிர்க்க வெள்ளைக்காரனின் சட்டம் துணை என்று அவர் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைப் படித்த இதே ஊரில்தான் 1930இல் தொழிலாளிகள் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக? ஒவ்வொருவனும் வந்து பதிவேட்டில் பெயர் எழுதி, கைரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. கைரேகை வைப்பவன் குற்றவாளி, நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். எந்தப் பெயரில், எந்த முறையில் எங்களை எழுதுவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்ற எண்ணத்தில் பண்டிதரின் சாயல் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அவர் நம்பிய துரைமார்களுக்கு எதிராகவே அது திரும்பியது.

நான் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். பதிவில் ஏறாத மூட்டைக்கு உரிமையாளர் கிடையாது என்பது எங்கள் ஆபீசில் முதல் பாடம். பண்டிதருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்போதெல்லாம், நம்மை இந்து என்றும் இன்ன சாதி என்றும் எவனோ எழுதிக்கொண்டு போக விடாதீர்கள், சாதிபேதமற்றவர்கள் என்றும் பௌத்தர் என்றும் நீங்களே சொல்லி எழுதச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தினார். தன்னைப் பற்றி எழுதாதவர், தன் மக்கள் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தார்.

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசு 2025இல் அறிவித்தது. 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணுவது இதுதான் முதல் தடவை. அதிலே என்ன எழுதுவது என்று பல பேர் சங்கத்தில் வந்து கேட்கிறீர்கள். பௌத்தர் என்று எழுதினால் சலுகை போய்விடும் என்று ஒரு பயம் இருக்கிறது. 1990இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் பௌத்தராக இருந்தாலும் பட்டியல் சாதியினர்தான். மதம் வேறு கட்டம், சாதி வேறு கட்டம், தாய்மொழி வேறு கட்டம். மூன்றையும் நீங்கள் சொல்லி எழுத வையுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் இருக்கிறோம் என்பதற்காகத் தாய்மொழி தமிழ் என்று சொல்லத் தயங்க வேண்டாம், அது யாருக்கும் எதிரானதல்ல.

கடைசியாக ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மீதி இருப்பவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள். வீடு காலி செய்யும்போது முதலில் தெருவுக்கு வருவது பரண் மேல் இருக்கும் தகரப்பெட்டிதான். பழைய தாள் என்று எடை போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில் தாத்தா வைத்திருந்த "தமிழன்" இருக்கலாம், சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடு இருக்கலாம், சங்கத்தின் சந்தா ரசீதோ திருமண அழைப்பிதழோ இருக்கலாம். பண்டிதரின் பிறந்த ஊரைப் பற்றிய சண்டைக்கே ஒரு தாளில் விடை இருந்தாலும் இருக்கும், யார் கண்டது?

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் சங்க அலுவலகம் காலை 10 மணி முதல் திறந்திருக்கும். புத்தகத்தை நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். படம் எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டில் யார் வீட்டுப் புத்தகம் என்று உங்கள் பெயரையும் தாத்தா பெயரையும் எழுதிக்கொண்டு, உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். புத்தகம் இல்லாதவர்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். எந்தச் சுரங்கத்தில், எந்த ஷாப்டில், எந்த வருஷம் இறங்கினார்கள், எந்தச் சங்கத்தில் இருந்தார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இரண்டு பிள்ளைகளை ஏற்பாடு செய்திருக்கிறோம். அட்டை கிழிந்திருந்தாலும், கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டு வாருங்கள்.